மறுசுழற்சி லொறிக்குள் என் தாலிக்கொடி

இன்று காலை என் மருமகள் வசந்தி சமையலறை அலுமாரியைத் துப்புரவாக்கினாள். நான் கழுவி அடுக்கியிருந்த மாஜரின் டப்பாக்களையெல்லாம் மறுசுழற்சிக்கென்று கவுன்சில் தந்த பச்சைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டாள்.

அவற்றில் ஒன்றுக்குள் என் தாலிக்கொடி இருந்தது. கணவர் இறந்தபோது கழற்றி, துணியில் சுற்றி வைத்தது. நம்மவர் வீடுகளுக்கு நகை தேடி வரும் கள்ளர் மாஜரின் டப்பாவைத் திறப்பதில்லை.

நான் கீழே வந்தபோது பச்சைப் பெட்டி வெறுமையாக இருந்தது. லொறி தெருமுனையில் நின்றது. குட்மேய்ஸில் எங்கள் தெருவே பார்க்க, வீட்டுச் செருப்போடு ஓடினேன்.

லொறியின் பின்னால் நின்றவர் தமிழர்.

"அம்மா, கையை எடுங்கோ! மெசின் ஓடுது!"

"உள்ளுக்கு என்ர தாலிக்கொடி கிடக்கு. நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினார். "மாஜரின் டப்பாவோ, ஐஸ்கிறீம் பெட்டியோ?" என்று வியப்பே இல்லாமல் கேட்டார். "எங்கட சனம் அடிக்கடி இப்பிடி ஓடி வாறவை."

பின்னாலேயே ஓடிவந்த வசந்தி, அவர் வெளியே எடுத்துப் போட்ட டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வெறுமை. மறுபடியும் வெறுமை. கடைசியில், பாதி நசுங்கிய ஒன்றுக்குள் அந்தத் துணி தெரிந்தது. நான் அங்கிருந்த ஒரு வீட்டின் குட்டை மதிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அதை என் கையில் வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"மாமி, இதைக் கள்ளருக்கு ஒளிச்சனீங்களோ, எனக்கு ஒளிச்சனீங்களோ?"

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் யாராவது மருமகளிடம் நகை ஒளித்த இடத்தைச் சொல்லி வைத்திருக்கிறீர்களா? இடத்தை இங்கே எழுத வேண்டாம். ஓம், இல்லை போதும்.