அக்காவின் பச்சை ஹால்

புதுப் பெயிண்ட் வாசனை எங்கே அடித்தாலும் எனக்குப் பாயசம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பெயிண்டுக்கு அடியிலிருந்து ஏலக்காய் மணக்கும். பெயிண்ட் கடையில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுக்கிறவனைக் கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அவர்களுக்கு என் அக்காவின் ஹாலைத் தெரியாது.

போடியில் இருக்கிற அந்த ஹால் இருபது வருடமாக ஹாலாகவே இருந்ததில்லை. மச்சானுக்கு ஏலக்காய் வியாபாரம். மூன்று சுவரையும் ஒட்டி மூட்டைகள். விருந்தாளி வந்தால் மூட்டை மேல் போர்வையை விரித்து உட்கார வைப்பார்கள். அவர் எழுந்து போன பிறகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்வரை மணப்பார். ஃபேன் மனிதர்களுக்காக ஓடாது, மூட்டைகளுக்காக ஓடும். டிவியும் ஒரு மூட்டையின் மேல்தான். அந்த மூட்டை விலைபோன அன்று டிவி தரையில் உட்கார்ந்து எங்களை அண்ணாந்து பார்க்கும்.

மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு அக்கா ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இது வீடில்ல, குடோனு. குடோனுக்கு ஒரு வாட்ச்மேன் போதும். மூட்டைய வெளியேத்துங்க, இல்ல நான் மக வீட்டுக்குப் போயிர்றேன். போனா வரமாட்டேன்."

அக்கா சத்தம் போட்டுச் சொன்னால் பயமில்லை. குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னால் செய்துவிடுவாள். மச்சான் மார்க்கெட் பக்கம் ஒரு ரூம் பிடித்து மூட்டைகளை ஏற்றி அனுப்பினார். வியாபாரம் பேசுவது மட்டும் வீட்டில்தான் என்றார். மலையிலிருந்து இறங்கும் ஜீப்புகள் அந்த வாசலில் நின்று பழகியவை. அக்கா சரி என்றாள்.

பிறகு போனில் வீடு அலங்கரிக்கிற வீடியோக்களாகப் பார்த்துத் தீர்த்தாள். "நீதான கவிதையெல்லாம் எழுதுற, வந்து கலர் பாத்துச் சொல்லு" என்று என்னையும் மதுரையிலிருந்து வரவழைத்தாள். அவள் விதிகளைச் சொல்லச் சொல்ல, மச்சான் காலியான ஹாலின் நடுவில் வழி தெரியாதவர்போல நின்றார்.

"காலியிடமும் ஒரு சாமான்தான். அதை நிரப்பக் கூடாது."

"அப்ப அந்தச் சாமான எனக்கு வாடகைக்குக் குடு. பத்து மூட்டை போட்டுக்கறேன்."

"உள்ள வந்ததும் கண்ணு போயி உக்கார ஒரு எடம் வேணும்."

"கண்ணு உக்காரட்டும். நான் எங்க உக்கார?"

"வெளிச்சம் நேரா மூஞ்சில விழக்கூடாது. செவுத்துல பட்டுத் திரும்பி வரணும்."

"அது போயிட்டு வர்ற வரைக்கும் நாம இருட்டுல இருக்கணுமாக்கும்."

அடுத்த நாள் மச்சான் மலைக்குப் போயிருந்த நேரத்தில் நானும் அக்காவும் கலர் அட்டையை விரித்தோம். வெயிலில் வெந்த ஊருக்கு ஒரு குளிர்ச்சி வேண்டும் என்றேன். மலைச்சரிவில் மழை நின்ற மறுகணம் இலைகளுக்கு அடியில் ஒரு பச்சை தேங்கி நிற்குமே, அது அட்டையில் கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. அக்கா அதன்மேல் விரலை வைத்தாள். பெயிண்டர் "பச்சையா?" என்றார். ஆமாம் என்றோம். "இந்த வீட்டுக்கா?" என்றார். ஆமாம் என்றோம். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு டப்பாவைத் திறந்தார்.

ஹால் அழகாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு சோபா, ஒரு செடி, சுவர்களுக்குள் ஒளித்துவைத்த விளக்குகள். உள்ளே நுழைந்தால் குளத்துக்கு அடியில் நிற்பது மாதிரி. அக்கா சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து எதையுமே பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடத்தில் அவள் அந்த ஹாலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் ஜீப்பு வந்தது. மலைக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர் ஒரு தட்டில் காய்களைக் கொட்டினார். மச்சான் குனிந்து பார்த்தார். அருமையான பச்சை. இன்னொரு பையிலிருந்து கொட்டினார். அதுவும் அருமையான பச்சை. மச்சானுக்கு நெற்றி வியர்த்தது. அடுக்களைக்குப் போய், டீக்குப் போடுகிற பழைய, வெளுத்த காய்களை அள்ளி வந்து தட்டில் போட்டார். அவையும் இன்றைக்குப் பறித்த மாதிரி மினுங்கின.

ஏலக்காய் வியாபாரிக்கு முதலீடே கண்தான். பச்சை குறைந்தால் விலை குறையும். இந்த ஹாலிலோ சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமெல்லாம் பச்சையாகவே திரும்புகிறது. காய் மட்டுமல்ல, தட்டும் பச்சை, தட்டைப் பிடித்த கையும் பச்சை. மச்சான் தட்டோடு தெருவுக்கு ஓடினார். வெயிலில் காய் வைக்கோலாக இருந்தது. உள்ளே வந்தார், மரகதம். வெளியே போனார், வைக்கோல். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே, உள்ளயும் வெளியயும் அலையிறீக?" என்றார் தோட்டக்காரர், சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "வெயில்ல வச்சுப் பாத்தா எந்த மூஞ்சியும் வெளுக்கத்தான செய்யும். இங்கன உக்காந்து ஆற அமரப் பேசுவோம்." பிறகு அக்காவிடம் திரும்பினார். "கொள்ளாம் மதினி, நல்லாருக்கு. வீடுன்னா இப்படி இருக்கணும்."

சேதி மலையேறிவிட்டது. மேலேயிருந்து இறங்குகிற எல்லோருக்கும் அந்த ஹாலுக்குள்தான் பேச வேண்டும். இதுவரை சேற்றுக் காலோடு மூட்டையில் உட்கார்ந்தவர்கள் செருப்பை வாசலில் வரிசையாக விட்டார்கள். செடியைத் தொட்டுப் பார்த்து நலம் விசாரித்தார்கள். காலியிடத்தைப் பார்த்து, எவ்வளவு காலி என்று வியந்தார்கள். அக்கா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். ஏன் புகழ்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே. தெரிந்தும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் நேராகவே விழுந்தது.

மச்சான் உள்ளே வர மறுத்தார். கடைசியில் தட்டை நிலைப்படியில் வைப்பது என்று முடிவானது. பாதிக் காய் மரகதம், பாதி வைக்கோல். விற்கிறவர் சோபாவை இழுத்துப்போட்டு உள்ளே, வாங்குகிறவர் குடை பிடித்து வெளியே. விலை நடுவில் எங்கேயோ தொங்கும்.

இப்படியே போனால் தொழில் படுத்துவிடும் என்று மச்சான் ஒரு வெள்ளைப் பெயிண்ட் டப்பாவை வாங்கி வந்து ஹாலில் வைத்தார். அக்கா உள்ளறையிலிருந்து தன் பெட்டியை எடுத்து வந்து டப்பாவுக்கு எதிரில் வைத்தாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். பெட்டியை லேசாகத் திருப்பி, செடிக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். அந்தப் பழுப்புப் பெட்டி பச்சைச் சுவருக்கு அத்தனை பாந்தமாக இருந்தது.

மச்சான் என்னைத் தெருவுக்குக் கூட்டிப்போனார்.

"மாப்ளே, அது அலங்காரமா, கெளம்புறதா?"

"கேட்டுப் பாருங்க மச்சான்."

"கேட்டு, கெளம்புறதுன்னு சொல்லிட்டா?"

கேட்கவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மறுநாள் விடிந்ததும், மலையிலேயே போய்ப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று ஜீப்பு ஏறினார். சாயங்காலம் திரும்பியவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அங்கயும் அடிச்சுட்டானுக மாப்ளே. போன வீடெல்லாம் இதே பச்ச. ஒருத்தன் ஜீப்புக்குள்ளயும் அடிச்சு வச்சிருக்கான். மல பூரா நம்ம ஹாலா இருக்கு."

தண்ணீர் குடித்தார். உள்ளே போய் டப்பாவைத் தூக்கினார். அக்கா சோபாவிலிருந்து எழுந்து பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தாள். மச்சான் டப்பாவோடு வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்த காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கினார். இப்போதைக்கு, என்றார். முடித்து, அதன் எதிரில் உட்கார்ந்து காய் பார்க்க ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டார். அக்கா வெளியே வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"சேர இடது பக்கம் தள்ளுங்க. சமமா இல்ல."

அன்று ராத்திரி நான் மதுரைக்குக் கிளம்பும்போது வழியில் இருந்த பெட்டியை நகர்த்தத் தூக்கினேன். கனமாக இருந்தது. அக்கா பார்த்துவிட்டாள்.

"உள்ள வெறும் சாக்குத்தான்டா, அடச்சு வச்சிருக்கேன். காலிப் பெட்டி வயிறு ஒட்டிப்போயி பாக்க நல்லால்ல. அவருட்டச் சொல்லிராத."

பஸ் ஸ்டாண்டுவரை மச்சான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். வெள்ளைப் பெயிண்ட் அவர் காதில் காய்ந்திருந்தது. மதுரை பஸ் உறுமிக்கொண்டிருந்தது. படியில் கால் வைத்த என் கையைப் பிடித்தார்.

"பெட்டியத் தூக்கினியே மாப்ளே. உள்ள என்ன இருக்கு?"

"சேலை மச்சான். நல்ல சேலையாப் பாத்து எடுத்து வச்சிருக்கு."

கையை விட்டார். காதில் காய்ந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார்.

"அப்ப வெளிச்செவுத்துக்கு ரெண்டாவது கோட்டும் அடிச்சிர்றேன். நீ பாத்துப் போ."