இருபது நொடி ஆடாமல்

எங்கள் சூப்பர்வைசரின் சட்டைப் பையில் பேனா இருக்காது. அளவு பார்க்கிற வெர்னியர்தான் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவருக்குக் கீழே இரண்டு வருஷம் குப்பை கொட்டினேன். ஒரு பாகத்தை அளக்காமல் சரியென்று தள்ளிவிட்டால் போதும், லைனையே நிறுத்தி எல்லார் முன்னாலும் கத்துவார். "கண்ணால பாத்தா இன்னா தெரியும்? அளந்து பாரும்மா!" எத்தனை நாள் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். அந்த வெறுப்பில்தான் வேலையை விட்டேன். எக்ஸ்ரே படிப்பு முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பல் ஸ்கேன் சென்டரில் சேர்ந்தேன்.

அதே மனிதர் போன வருஷம் என் முன்னால் வந்து நின்றார். கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பல் போய்விட்டது. எலும்பில் திருகு இறக்கிப் புதுப் பல் கட்டப்போகிறார்கள். அதற்கு முன்னால் தாடையை ஸ்கேன் எடுத்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி அதனால்தான். அது எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் ஒதுங்கி ஓடுகிறது என்று தெரியாமல் துளை போட்டால் உதடு மரத்துப் போகலாம். சிலருக்கு அது சரியாவதே இல்லை. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். மண்டையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மெஷின் தலையைச் சுற்றிவர இருபது நொடி. மோவாயைத் தாங்கியில் வைத்து ஆடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை பாதிச் சுற்றில் போன் அடித்தது. குனிந்து பையைப் பார்த்தார். படம் பாழ். சத்தத்தை அமர்த்திவிட்டு மறுபடி நின்றார். இப்போது போன் அதிர்ந்தது; கை தானாகப் போனது. அதுவும் பாழ். கதிர்வீச்சு சமாச்சாரம், விளையாட்டுப்போல எடுத்துக்கொண்டே இருக்க முடியாது, போனை என்னிடம் கொடுங்கள் என்றேன்.

"லைன் நின்னுட்சின்னா நீயா வந்து பதில் சொல்லுவ? பழைய எக்ஸ்ரே கீது. மறைமலை நகர்ல ஒரு டாக்டரு அதுவே போதும்ன்றாரு. கண்ணால பாத்தே போட்டுடுவாராம்."

கண்ணால் பார்த்தே! யார் வாயில் என்ன வார்த்தை! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அந்தப் பழைய எக்ஸ்ரேயின் தட்டைப் படத்தில் நரம்பு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று தெரியாது சார் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அப்ப கிளம்புங்க சார்" என்றேன். கிளம்பிவிட்டார்.

போன வாரம் மறுபடி வந்தார். மறைமலை நகரில் போட்டுக்கொண்ட திருகின் முனை எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். "ஊசி போட்ட மரப்பு இன்னும் வுடலம்மா. நாலு மாசமாவுது" என்றார், ஏதோ பஸ் தாமதமானதைச் சொல்வதுபோல. நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் அவர்மேல் இருந்ததைவிட என்மேல் எரிச்சல் அதிகமாக வந்தது. முறை வரும்வரை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன்.

குடித்துக்கொண்டே புது லைனைப் பற்றிப் பேசினார். உதட்டோரத்தில் டீ வழிந்து, மோவாயில் இறங்கி, சட்டையில் சொட்டியது. அவர்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார்.

"சார், டீ வழியுது."

"எங்க?" என்றார்.