மாணிக்கம் அண்ணன் முடிச்சுப் போட்டுத் தந்த கயிறு

லுக்குட் டவுன் பட்டறையில் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மாற்றிய டயரும் புதுசில்லை, அது தனிக்கதை. பட்டறைக்காரர் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "உங்க மாணிக்கம் போயிட்டாருலா" என்றார். அந்த 'உங்க' எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷமாக அவர் எங்கள் ஆள் இல்லை.

நான் படித்தவன் இல்லை. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள். பந்து விளையாடிய தோட்டத்து ஆட்களுக்கு அவரைத் தெரியும். தோட்டப் பந்துக் குழுக்களுக்கெல்லாம் அவர்தான் செயலாளர். சம்பளத்துக்கு நகராண்மைக் கழகத்தில் நிலப் பிரிவில் கோப்பு எழுதும் கிராணி. சுவாவிலிருந்து கோலா பிலா வரைக்கும் பழைய காரில் வலையும் பந்தும் அடைத்துக்கொண்டு போவார். பின்கதவைக் கயிறு போட்டுத்தான் கட்டியிருப்பார். ஒரு தடவை அது அவிழ்ந்து பந்தெல்லாம் சாலையில் ஓட, லாரிக்காரர்கள் இறங்கிப் பொறுக்கித் தந்தார்கள். ஒரு பந்து மட்டும் கால்வாயோடு போய்விட்டது. அதை ஒரு மாதம் தேடினார். சொல்ல வந்தது அதில்லை.

எங்கள் திடலில் கோடு போடுவது என் வேலை. தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டி முடித்து வந்து சுண்ணாம்பு கரைப்பேன். அளவு நாடாவின் கணக்கு எனக்குப் பிடிபடாது. அதைக் கண்டுகொண்டவர், நைலான் கயிறு ஒன்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து தந்தார். ஒற்றை முடிச்சு கோல் கம்பத்துக்கு, இரட்டை முடிச்சு பெனால்டி பெட்டிக்கு, மூன்று முடிச்சு நடுவட்டத்துக்கு. "கோடு நேரா இருந்தா பாதி சண்ட வராது ராசு" என்பார். என் குறையை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்த மனிதர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவு நாடாவோடு வந்தார். கயிறுதான் இருக்கிறதே அண்ணே என்றேன்.

"இது ஆபீசுக்குலா. இந்த மொனைய புடி."

பிடித்தேன். நான்கு பக்கமும் நடந்து நடந்து எழுதிக்கொண்டார். விளக்குக் கம்பம் வரப்போகிறது என்று நானாக நினைத்துக்கொண்டு தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. என் மனைவி பால் விடாமல் கலந்து கொடுத்த தே ஓவை நிதானமாகக் குடித்துவிட்டுப் போனார்.

சில மாதத்தில் திடலைச் சுற்றித் தகரவேலி வந்தது. குப்பை லாரி நிறுத்தும் இடம் என்று பலகையும் வைத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இருந்தது அந்த ஒரு திடல்தான்.

நகராண்மைக் கழகத்துக்கு ஓடினேன். முகப்பில் அவரே இருந்தார். என்னைப் பார்த்ததும் காகிதத்தைப் புரட்டிக்கொண்டு, "நம்பர் எடுத்துட்டு உக்காருங்க" என்றார். அதுவரை என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. எடுத்தேன். உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பதினேழு பேர்.

என் முறை வந்ததும், அன்றைக்கு அளந்தது இதற்குத்தானா என்று கேட்டேன். பேனாவை மூடித் திறந்தார்.

"ஆட்சேபண சொல்ற தேதி போன வாரமே முடிஞ்சிருச்சு."

"ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். சொன்னா நீ நாடாவ புடிச்சிருக்க மாட்ட ராசு."

மேலிடத்து உத்தரவு, வேலை போய்விடும் என்று ஏதாவது சொல்லியிருந்தால்கூட வீட்டுக்குப் போய் ஆறியிருப்பேன். அவர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு தடவை வந்தார். பக்கத்துப் பள்ளித் திடலை இரவல் வாங்கி ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். அவர் தந்த கயிற்றை எடுக்க மனமில்லாமல் கண்மதிப்பில் கோடு போட்டிருந்தேன்.

"கோடு கோணலா கெடக்கு ராசு" என்றார்.

"நம்பர் எடுத்துட்டு உக்காருங்கண்ணே."

விஷயம் தெரியாத பையன்கள் சிரித்தார்கள். அவருக்குத் தெரிந்தது. ஓரத்துப் பலகையில் போய் உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்து வலையைக் கழற்றும் வரை உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை.

சாவு வீட்டுக்குப் போய் மாலை போட்டேன். அழுகை வரவில்லை. நல்லவர் என்று எல்லோரும் சொன்னார்கள். பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கயிறுதான். ஒரு முடிச்சும் அவிழவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக் கோடு போட்டேன், நேராக வந்தது. மறுமுனையை மட்டும் இப்போது யார் கையிலும் கொடுப்பதில்லை. தரையில் ஆணி அடித்து அதில் கட்டிக்கொள்கிறேன்.