பக்கிரியைப் பார்த்த பிறகு

பாகூர் நடேசன் பார்க்காத சடுகுடு ஆட்டம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், முப்பதுகளின் நடுப்பகுதி அது. அறுவடை முடிந்து வயல் காய்ந்தால் ஊருக்கு ஊர் கோடு கிழித்துவிடுவார்கள். பண்டசோழநல்லூரில் ஆட்டமா, வில்லியனூரில் ஆட்டமா, நடேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். யாருக்கு மூச்சு நீளம், யாருடைய பிடி இரும்புப் பிடி என்றெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆனால் பந்தயம் கட்டினால் தோற்றுவிடுவான்.

அவன் கரும்பு வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் வேலை செய்தான். கூலியோடு கிடைக்கும் வெல்லத்தைத்தான் பந்தயம் வைப்பான். எதிரில் நிற்பவன் அதே கொட்டகையில் அடுப்பெரிக்கும் மரியதாஸ். பொங்கல் கழிந்து மாசி வருவதற்குள் நடேசன் வீட்டு வெல்லப் பானை காலியாகியிருக்கும்.

அவன் மனைவி வேலம்மாளுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எல்லா ஆட்டத்தையும் போய்ப் பாக்கற. அப்பறம் எப்டிய்யா தப்பாவே சொல்ற?"

"பாத்துமே தப்பாப் போவுது. பாக்காத இருந்தா இன்னும் இன்னா ஆவும், சொல்லு."

"நாளைக்கி யாரு யாருக்கு ஆட்டம்?"

"பண்டசோழநல்லூரும் வில்லியனூரும். வில்லியனூர்தான் ஜெயிக்கும்."

"போன தபா யாரு ஜெயிச்சது?"

"பண்டசோழநல்லூர். அது இன்னாத்துக்கு இப்போ?"

வேலம்மாள் கொஞ்சம் யோசித்தாள். அவள் நடவுக்கும் களைக்கும் போகிறவள். எந்த ஊர் ஆம்பளைகள் இந்த வாரம் எங்கே கரும்பு வெட்டுகிறார்கள், எந்த ஊரில் வேலை இல்லாமல் படுத்துக் கிடக்கிறார்கள் என்பதெல்லாம் கூட வரும் பெண்கள் பேச்சில் வந்து விழும். வில்லியனூர் ஆட்கள் நாலு நாளாகக் கரும்பு வெட்டில் இருந்தார்கள்.

"பண்டசோழநல்லூர்னு கட்டு," என்றாள்.

நடேசன் சிரித்தான். ஆனாலும் அப்படியே கட்டினான், ஜெயித்தான். அடுத்த முறையும் அவளைக் கேட்டான். அவள் அதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்டாள்: போன தடவை யார் ஜெயித்தார்கள், இந்த வாரம் யார் உழைத்துக் களைத்திருக்கிறார்கள். நடுவில் ஒன்றிரண்டு தப்பியது. இருந்தாலும் வெல்லப் பானையில் வெல்லம் தங்கியது.

விஷயம் தெரிந்ததும் மரியதாஸ் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"யக்கா, பாக்காமலே இப்டி சொல்றியே, வந்து பாத்தீன்னா ஒண்ணுகூட தப்பாதே!"

வேலம்மாளுக்கும் அந்த எண்ணம் உள்ளுக்குள் இருந்தது. சித்திரையில் திருவாண்டார்கோயில் ஆட்டத்துக்கு, அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். வாய்க்கால் கரையில் பெண்கள் உட்கார இடம் இருந்தது.

அங்கேதான் பக்கிரியைப் பார்த்தாள். திருவாண்டார்கோயில் ஆள். நெட்டையன், ஒட்டின வயிறு. சடுகுடு பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினான் என்றால் அந்த மூச்சு அறுந்துவிடக் கூடாதே என்று பார்க்கிறவர்கள் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்று பேர் காலைக் கவ்வியும் ஒரு துள்ளு துள்ளிக் கையைக் கோட்டில் வைத்தான். வேலம்மாள் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பேச்சு பக்கிரியைப் பற்றித்தான். அடுத்த ஆட்டத்துக்கும் போனாள், அதற்கடுத்ததற்கும் போனாள். யார் ஜெயிப்பார்கள் என்று நடேசன் கேட்டால் யோசிக்காமல் பதில் வந்தது: "திருவாண்டார்கோயில்தான், வேற யாரு?" பக்கிரி ஜெயித்த நாளும் உண்டு. தோற்ற நாட்கள்தான் அதிகம். ஆனால் தோற்ற நாளிலும் அவன் ஒரு துள்ளலாவது துள்ளிவிடுவான். அது மட்டும் அவள் கண்ணில் நிற்கும்.

பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலு விழாவுக்கு, ஊராட்சித் தலைவரான கொம்யூன் மேர் பாகூரிலேயே பெரிய ஆட்டம் வைத்தார். கடைசிச் சுற்றில் திருவாண்டார்கோயிலும் பண்டசோழநல்லூரும் மோதின. அந்த வாரம் மணிலாக் கடலைக் கொல்லையில் களை எடுக்கும்போது தையலம்மாள் என்பவள் வேலம்மாளிடம் சொன்னாள்: "எங்க திருவாண்டார்கோயில் ஆளுங்க வாய்க்கால் தூரு எடுத்துட்டு இடுப்பு நிமுத்த முடியாம வர்றாங்கடி." வேலம்மாள் காதில் அது விழத்தான் செய்தது. சாயங்காலம் நடேசன் கேட்டபோது சொன்னாள்: "பக்கிரி வுடமாட்டான்யா."

வெல்லம் காய்ச்சும் காலம் முடிந்திருந்தது. நடேசன் வீட்டு வெள்ளாட்டைப் பந்தயம் வைத்தான். வேலம்மாளும் சரி என்றாள்.

திருவாண்டார்கோயில் ஆட்கள் முதல் பாதியிலேயே துவண்டுவிட்டார்கள். பக்கிரி நாலு தடவை பாடிப் போனான். நாலாவது தடவை அவனைத் தூக்கி மல்லாக்கப் போட்டார்கள். இந்தத் தடவை அவன் துள்ளவில்லை.

மறுநாள் மரியதாஸ் ஆட்டை ஓட்டிக்கொண்டு போக வந்தவன் கயிற்றைத் தொடவே தயங்கினான்.

"வேணாங்க்கா. வெள்ளாட்டுக்குன்னு சண்டையா போட்டோம்?"

"ஓட்டிக்கினு போபா. நீ தோத்திருந்தா நா வுட்டிருப்பேனா?"

ஆடு போன பிறகு அவள் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தையலம்மாள் சொன்னது காதில் விழுந்தும் வாய் எப்படி வேறு சொன்னது? இழந்ததைவிட அதுதான் அவளை அரித்தது. பக்கிரியைப் பார்த்த கண் பின்னால் நின்ற மற்றவர்களைப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. அது மட்டும்தான் காரணமா என்றும் சந்தேகமாக இருந்தது.

அந்த வருடத்தோடு அந்த வீட்டில் பந்தயம் நின்றது. ஆனால் அடுத்த தை பிறந்ததும் வேலம்மாள் இரண்டு கொட்டாங்குச்சிகளைக் கூரை எரவாணத்தில் வைத்தாள். ஆட்டத்துக்குக் கிளம்பும் முன், வழக்கமான இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு, யார் ஜெயிப்பார்கள் என்று நடேசனிடம் சொல்வாள். அங்கே பாதி ஆட்டம் பார்த்த பிறகு கண்ணுக்குப் பட்டதைத் தனியாக ஒரு தரம் சொல்வாள். வீட்டில் சொன்னது பலித்தால் ஒன்றில் புளியங்கொட்டை, களத்தில் சொன்னது பலித்தால் மற்றதில் புளியங்கொட்டை. நடேசன் தலையில் அடித்துக்கொண்டாலும் மறக்காமல் கொட்டை எடுத்துக் கொடுப்பான்.

வைகாசிக் கடைசியில் இரண்டையும் தரையில் கவிழ்த்தார்கள். மரியதாஸும் வந்திருந்தான். வீட்டுக் கொட்டையும் களத்துக் கொட்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

"பாதி ஆட்டத்தைக் கண்ணால பாத்துட்டுச் சொன்னதுக்கு இவ்ளோதானா?" என்றான் மரியதாஸ்.

"அதான் எனக்கும் பிரியல," என்றாள் வேலம்மாள். "வூட்ல சொல்றப்போ மனசுல ஒரு பயம் இருந்துச்சி, தப்பாவும் இருக்கலாம்னு. அங்க பாத்துட்டுச் சொல்றப்போ அந்தப் பயமே இல்ல. சத்தியம் பண்ணக்கூட ரெடியா இருந்தேன். ஆனா கொட்டை கூடலியே."

"அப்போ இத்தினி வருசமா நா பாத்ததெல்லாம் தண்டமாடி?" என்றான் நடேசன். உண்மையாகவே வருத்தப்பட்டான்.

அவள் கொட்டைகளைக் கூட்டி அள்ளினாள்.

ஆட்டம் பார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை. உலகச் சண்டைக்காலம் வந்து அரிசிக்கு வரிசையில் நின்ற வருடங்களிலும் போனாள். பக்கிரிக்கு மூச்சு குறைந்து, பாடிப் போவதை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் நின்று பிடிப்பவனாக ஆனதையும் பார்த்தாள். பந்தயம் இல்லாததால் இப்போது அவள் கண் கோட்டிலிருந்து பின்வரிசைக்கும், பின்வரிசையிலிருந்து கோட்டுக்கும் சும்மா திரிந்தது. பக்கிரி காலை நகர்த்தும் விதத்தைப் பார்த்தே அவன் யாரைக் குறிவைக்கிறான் என்று பக்கத்துப் பெண்களுக்குக் காட்டுவாள்.

ஒரு முறை வில்லியனூர்க் களத்தில், வெளியூர்ப் பந்தயக்காரன் ஒருவன் கரையோரம் வந்து குனிந்து கேட்டான்: "ஆயிரம் ஆட்டம் பாத்தவங்கன்னு சொல்றாங்க. இன்னிக்கி யாரும்மா ஜெயிப்பா?"

"தெரியலியேப்பா," என்றாள் வேலம்மாள். "கொஞ்சம் தள்ளி நில்லு, பக்கிரி காலு தெரியாம மறைக்கிற."