பாப்பா மார்க் ஏலக்காய்

எங்கள் வீட்டில் ஏலக்காய்க்கு இருந்த மரியாதை பிள்ளைகளுக்கு இருந்ததில்லை. அதற்கு ஈரம் ஆகாது, வெயில் ஆகாது, வேறு வாசனை ஆகாது. கிடங்கில் ஏலக்காய் இருக்கும் நாட்களில் அடுப்படியில் கருவாடு வறுக்கக் கூடாது, நான் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகக் கூடாது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு காயின் மேல் எவ்வளவு நாள்தான் பொறாமைப்பட முடியும்? சித்தப்பா மகள் மேல் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் முடிந்தது.

கொழிஞ்சாம்பாறையில் அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக நடத்திய மண்டி அது. சித்தப்பா மாதத்தில் பாதி நாள் இடுக்கி மலையில் தங்கி, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி ஏலக்காய் வாங்கி அனுப்புவார். அப்பா இங்கே உட்கார்ந்து அதைச் சலித்துத் தரம் பிரித்து, கொச்சிக்கு அனுப்புவார். அங்கிருந்து கப்பல். எனக்கு ஒன்பது வயதானபோது மலைப்பாதையில் ஜீப் உருண்டு சித்தப்பா இறந்துபோனார். சித்தியும் அவர் மகளும் முன்பிருந்தே எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு இடம் சுருங்கிவிட்டது.

அப்பா மண்டியிலிருந்து வந்ததும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார். பொட்டுக்கடலை மிட்டாய் முதலில் அவள் கைக்குப் போகும். என்னைவிட ஒரு வயது சின்னவள். எதிர்த்து வாய் பேசமாட்டாள், சண்டைக்கு வரமாட்டாள். சண்டைக்கு வராதவளை என்ன செய்வது? அவள் தட்டில் விழும் முட்டையையும் என் தட்டில் விழும் முட்டையையும் அளந்து பார்த்துக்கொண்டே நான் சாப்பிட்டேன். எந்நாளும் அவளுடையதுதான் பெரிது.

அந்த வருடம் குவைத்துக்கு ஏலக்காய் அனுப்ப ஆர்டர் வந்தது. பெட்டியில் படம் போட்ட லேபிள் ஒட்டினால்தான் அங்கே கடைக்காரர்கள் அடுத்த தடவையும் அதே சரக்கைக் கேட்பார்கள் என்று கொச்சி ஏஜெண்ட் சொல்லிவிட்டார். குழந்தைப் படம் போட்டு "பாப்பா மார்க்" என்று பெயர் வைப்பதாக முடிவாயிற்று. பாப்பா யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முதலாளி மகள் இருக்க வேறு யார்? இரண்டு பேரையும் பொள்ளாச்சி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனபோதுகூட, அவளைத் துணைக்குக் கூட்டி வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பழகிய சிரிப்பைச் சிரித்தேன். அவள் பவுடர் திட்டுத்திட்டாக வழிய, யாரோ அதட்டியதுபோல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சிவகாசியிலிருந்து லேபிள் கட்டு வந்தது. பிரித்தால் அத்தனையும் அவள். விழித்த கண்ணை ஓவியர் அழகாக்கியிருந்தார். கன்னத்தில் ரோஸ் பூசி, கையில் ஏலக்காய்க் கொத்து கொடுத்து, கழுத்தில் காசுமாலையும் வரைந்திருந்தார். கீழே அரபியில் எழுத்து. என் முகத்தில் என்ன குறை என்று யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

போதாக்குறைக்கு லேபிள் ஒட்டும் வேலையை எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தார்கள். அவள் மைதாப் பசை தடவித் தருவாள், நான் பெட்டியில் வைத்து அழுத்த வேண்டும். மூக்கு நசுங்கும்படி அழுத்தினேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"அக்கா, இந்த மாலைய எங்க வெச்சிருக்கறாங்க?"

அவள் கழுத்தில் அப்போது பாசிமணி மட்டும்தான். நிஜமாகவே அவளுக்கு ஒரு மாலை செய்து ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று எனக்குப் பகீரென்றது. நேரே ஓடிப்போய், எனக்கும் அதே மாதிரி வேண்டும் என்று அப்பாவிடம் அழுதேன். அப்பா சிரித்தார். "படத்துல போடறதுக்குக் காசா பணமா, அம்முணி?" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பெட்டிகள் லாரி ஏறிய மறுவாரம் எருத்தேன்பதியிலிருந்து சித்தியின் அண்ணன் வந்தார். காபியைக் குடிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏனுங்க மச்சான், தங்கச்சிக்கு மண்டில மாப்ளையோட பங்குன்னு ஒரு வழி பண்ணோணுமில்லீங்க?"

அப்பா எழுந்துபோய் ஒரு லேபிளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"இதப் பாருங்க. இந்தப் புள்ள மூஞ்சியப் போட்டுத்தானுங்க நம்ம சரக்கு கப்பலேறுது. கம்பெனியே அவளுதுன்னு நான் நெனச்சிட்டிருக்கறன். நீங்க பங்குன்னு பிரிச்சுப் பேசுனா நல்லாவா இருக்குமுங்க?"

அவர் லேபிளைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு ஆறிப்போன காபியைக் கீழே வைத்தார். கதவோரம் நின்ற சித்தி உள்ளே போய்விட்டார். நானோ கம்பெனியே அவளுடையது என்ற இடத்திலேயே நின்றுபோயிருந்தேன். முட்டை போயிற்று, மிட்டாய் போயிற்று, கப்பலும் போயிற்று. இப்போது கம்பெனியும்.

அன்று சாயங்காலமே சித்தியும் அவளும் அவரோடு பஸ் ஏறினார்கள். கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்றார்கள். அம்மா ஒரு பையில் மிளகும் மஞ்சளும் கட்டிக் கொடுத்தாள். அப்பா சித்தப்பா மகள் கையில் ஒரு கட்டு லேபிள் கொடுத்து, தலையைத் தடவினார். அவள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியபோது எனக்குக் கையாட்டினாள். நான் பதிலுக்கு ஆட்டவில்லை. அதன்பின் அவர்கள் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்து தரையில் விழுந்து புரண்டேன். அத்தனை லேபிளையும் அவளுக்கே கொடுத்துவிட்டார், எனக்கு ஒன்றுகூட இல்லை, என் படம் போட்டு ஒன்று அடித்தால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. என் தலைமுடியைக் கோதிவிட்டு, மண்டியில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்டுவிடுமோ என்பது போன்ற குரலில் சொன்னாள்.

"உங்கப்பா உசுரோட இருக்கறாங்க, கண்ணு. உனக்கு எதுக்கு லேபிளு?"

அப்பா உயிரோடு இருப்பதற்கும் லேபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவும் அவள் கட்சிக்குப் போய்விட்டாள் என்று நினைத்து, இன்னும் சத்தமாக அழுதேன்.