வெள்ளையம்மாவின் கிழக்குப் பாதி

பக்கத்து வீட்டில் இன்று காலை கொள்ளு வறுத்தார்கள். அந்த வீட்டுப் பெரியவருக்கு உடம்பு இளைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். எங்கள் காலத்தில் கொள்ளு இரண்டு பேருக்குத்தான். ஒன்று குதிரைக்கு, இன்னொன்று சர்வே பார்ட்டிக்கு. அந்த வாசனை சுவர் தாண்டி வந்ததும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். கண் எழுத்தில் நிற்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. முப்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலங்களை மறுபடி அளந்து கணக்கு எழுதிக்கொண்டு போன ஒரு கூட்டத்தில் நான் எழுத்தன். சர்வேயர் ஒருவர், சங்கிலி இழுக்க இரண்டு பேர், சமைக்க ஒருவர், இவர்களோடு நான். நாகமலையின் அடிவாரத்தில் ஒவ்வொரு ஊராகக் கூடாரம் போட்டுத் தங்குவோம். சமையல்காரருக்குத் தெரிந்தது கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளு சுண்டல். மதுரை டவுனுக்குள் கறியும் சோறுமாக வளர்ந்த சாயபு வீட்டுப் பிள்ளை நான். முதல் வாரம் அழாத குறை. இரண்டாம் மாதம் கொள்ளு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது என்று ஆகிவிட்டது.

வேலையில் நான் அப்படி ஒன்றும் கெட்டிக்காரன் இல்லை. நாய்க்குப் பயப்படுவேன். வெயிலில் அரை மணி நேரம் நின்றால் தலை சுற்றும். ஆனால் என் கையெழுத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அச்சடித்த மாதிரி இருக்கும். மேலதிகாரி ஒருவர் என் பதிவேட்டை இன்னொரு முகாமுக்குக் கொடுத்தனுப்பி, இப்படி எழுதுங்கள் என்று காட்டச் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. ஒரு பக்கத்தில் ஓர் அடித்தல், ஒரு திருத்தல் வந்தால் அன்று முழுக்க மனசு கெட்டுவிடும். இந்தப் பெருமை சின்ன விஷயம்தான். ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ஊரின் பெயர் வேண்டாம். மலையை ஒட்டிய சின்ன ஊர், முப்பது நாற்பது வீடு இருக்கும். மழை பெய்தால் மலையிலிருந்து மண்ணும் கல்லும் சேர்ந்து காட்டுக்குள் இறங்கும். அங்கே காடு என்றால் மரமடர்ந்த காடு இல்லை. மானாவாரியாக விதைக்கும் புஞ்சைக்கு அப்படிப் பெயர். அப்படி ஒரு புஞ்சையை அளக்கப் போனபோதுதான் சடையாண்டியையும் அவர் தங்கை வெள்ளையம்மாவையும் பார்த்தேன்.

கல்யாணமாகி ஒரு வருஷத்தில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர் வெள்ளையம்மா. நான் பார்த்தபோது அவருக்கு வயது முப்பதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். அவர்களுடைய அப்பா சாவதற்கு முன்பு ஊரில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், காட்டின் நடுவில் கிணற்றுப் பக்கம் நின்று, மேற்குப் பாதி மகனுக்கு, கிழக்குப் பாதி மகளுக்கு என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். காகிதம் எதுவும் கிடையாது. கிணறு மட்டும் பொது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் கமலை இறைக்கும் முறை தங்கைக்கு, மற்ற நாள் அண்ணனுக்கு. இதில் ஒரு நாள் கூட அவர்களுக்குள் சச்சரவு வந்ததில்லை என்று ஊரே சொன்னது. நானும் பார்த்தேன். நாங்கள் போன அன்று செவ்வாய்க்கிழமை. அண்ணனுடைய மிளகாய்ச் செடி வாடிக் கிடக்க, அவருடைய மாடுகளே தங்கையின் பாத்திக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன.

கிழக்குப் பாதிதான் மலைக்குக் கிட்டே. முழுக்கக் கல். வெள்ளையம்மா ஆறு வருஷமாக அந்தக் கல்லைக் கூடை கூடையாகப் பொறுக்கி வெளியே கொட்டியிருந்தார். அந்தப் பக்கம் இரண்டு விதமான மண் இருப்பதை என்னைப் போன்ற டவுன்காரன் கூடக் கண்டுபிடித்துவிடலாம். அவர் கை பட்ட இடம் சலித்த மாவு மாதிரி இருந்தது. நடுவில் எல்லைக்கு ஒரு கிளுவை வேலி. எங்களுக்கு வறுத்த கொள்ளும் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். சமையல்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சர்வேயர் முழுக் காட்டையும் ஒரே நம்பராக அளந்து முடித்திருந்தார். அன்று சாயங்காலம் கூடாரத்தில் உட்கார்ந்து நான் பதிவேட்டில் சடையாண்டியின் பெயரை எழுதி முடித்தேன். பழைய கணக்கில் அவர்களுடைய அப்பா பெயர் இருந்ததால் மகன் பெயருக்கு மாற்றினேன். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. மறுநாள் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். சடையாண்டி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

“சாயபுத்தம்பி, கிழக்குப் பாதி தங்கச்சிக்கு உள்ளது. அதை அவ பேருல எழுதிருங்க.”

நான் பக்கத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு வரி, ஓர் அடித்தல் இல்லை. அதைப் பிரித்து எழுத வேண்டுமானால் உட்பிரிவு செய்ய வேண்டும், திரும்பவும் சங்கிலி பிடிக்க வேண்டும், மனு வாங்க வேண்டும். நாங்களோ இரண்டு நாளில் கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும். பக்கத்தில் இருந்த ஊர்க் கணக்குப்பிள்ளையும், பத்திரம் இல்லாமல் எப்படி எழுதுவது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பக்கம்தான்.

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. என் அம்மாவுக்கு அவருடைய அத்தா, அதாவது அப்பா, விட்டுப்போன கடையில் பங்கு இருந்தது. எங்கள் முறைப்படி பெண்ணுக்கும் உண்டே. ஆனால் அம்மா அதைக் கேட்கவில்லை. தம்பிமாரிடம் இருந்தால் என்ன, என்னிடம் இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டார். மாமாமார்களும் நல்லவர்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் துணியும் கறியும் வீடு தேடி வரும். அம்மா சொன்னதை உலகத்திலேயே உயர்ந்த வார்த்தை என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயசு. அதையே எடுத்து வெள்ளையம்மாவிடம் சொன்னேன். அண்ணன் பேரில் இருந்தால் என்ன அக்கா, உங்கள் பேரில் இருந்தால் என்ன என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அண்ணனைப் பார்த்தார். பிறகு, “அதுவும் சரிதான். எங்கண்ணன் பேருலயே இருக்கட்டும் தம்பி” என்றார். சடையாண்டிதான் மனசில்லாமல் நின்றார். பதிவேட்டின் கடைசியில் குறிப்பு என்று ஓர் அகலமான கட்டம் இருக்கும். அதில் ஒரு வரி எழுதியிருக்கலாம், இன்னாருடைய அனுபவத்தில் கிழக்குப் பாதி என்று. தோன்றவில்லை. தோன்றியதா, தள்ளிவிட்டேனா என்பது இப்போது எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

நாலு வருஷம் கழித்து சடையாண்டி காலராவில் போய்விட்டார். ஒரே இரவில். அவருக்கு மனைவி பஞ்சவர்ணமும் ஏழு வயசு மகனும். பிறகு யுத்தம் வந்தது. அந்தப் பக்கம் மழையும் பொய்த்தது. அரிசி கிடைக்காமல் ஜனங்கள் கற்றாழைக் குருத்தைத் தின்ற வருஷம் அது. பஞ்சவர்ணத்தின் அண்ணன்தான் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். காட்டை விற்றுவிட்டு மதுரைக்குப் போய் மில்லில் சேரலாம் என்று முடிவு செய்து, டவுன் வியாபாரி ஒருவரிடம் பேசினார். வியாபாரி பட்டாவைப் பார்த்தார். முழுக் காடும் ஒரே பேரில் சுத்தமாக இருந்தது. பேசி முடித்துவிட்டார்கள்.

நான் அப்போது டவுனிலேயே ஓர் அலுவலகத்தில் இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் வெள்ளையம்மா வாசலில் வந்து நின்றார். ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விஷயத்தையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டார்.

“நீங்க எழுதுனதுதான தம்பி? நீங்களே ஒரு வரி சேத்து எழுதிருங்களேன்.”

அந்தப் பதிவேடு இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதில் இனி நான் ஒரு புள்ளி வைத்தால் அது குற்றம். எழுதும் வரைக்கும்தான் அது என் கையில் இருந்தது, எழுதி முடித்ததும் அது சர்க்காருடையதாகிவிட்டது என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. அவருக்கு மண் அப்படி இல்லையே. தப்பாக விதைத்தால் மறுபடி உழுது விதைத்துவிடுவார். தெரிந்த அதிகாரி ஒருவரிடம் மனு எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டில்தான் தீர்க்க வேண்டும் என்று திரும்பி வந்தது. காதில் கிடந்ததைக் கழற்றி ஒரு வக்கீலைப் பிடித்தார் வெள்ளையம்மா. நான் அவருக்காகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டேன்.

இதை எத்தனையோ தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சத்தியம் செய்து கூண்டில் ஏறினேன். எங்கள் வக்கீல் கேட்டதற்கு, கிழக்குப் பாதி தங்கையுடையது என்று சடையாண்டி என்னிடம் சொன்னார், என் காதால் கேட்டேன் என்று சொன்னேன். நன்றாகத்தான் போனது. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயசானவர், குரலை உயர்த்தவே இல்லை. பதிவேட்டை என்னிடம் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அழகாக இருக்கிறது என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதே, இந்த மாதிரி விஷயங்களை எழுதத்தானே அது என்றார். ஆமாம் என்றேன். அதில் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்றார். இல்லை.

“அண்ணன் பேருலயே இருக்கட்டும்னு இந்த அம்மாவே சொன்னாங்களா, இல்லையா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சடையாண்டி எப்போதோ வீட்டில் சொன்னதைப் பஞ்சவர்ணம் வக்கீலிடம் சொல்லியிருக்க வேண்டும், நேரில் கேட்டவர் அவர் இல்லை. அந்தக் கூடாரத்தில் இருந்த கணக்குப்பிள்ளையும் செத்துப் போயிருந்தார். என்னை மறுக்க ஆள் கிடையாது. நான் வெள்ளையம்மாவைப் பார்த்தேன். சாட்சி சொல்ல வந்திருக்கிற என்னை நம்பி, கையைக் கட்டிக்கொண்டு, அமைதியாக நின்றுகொண்டிருந்தார். சொன்னாங்க என்றேன். அதைச் சொல்ல வைத்ததே நான்தான் என்று தொடர்ந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று நிறுத்திவிட்டார்கள்.

அண்ணன் தன் இரக்கத்தால் தங்கையை உழவு செய்ய விட்டிருந்தார், அதற்கு மேல் அவருக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பானது. நிற்கிற வெள்ளாமையை மட்டும் அறுத்துக்கொள்ளலாம். வெளியே வந்ததும் பஞ்சவர்ணம் ஓடிவந்து வெள்ளையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். புள்ளைக்குச் சோறு வேணும் வெள்ளையம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெள்ளையம்மா பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுத்தார். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் கெட்டவன் ஒருவனாவது இருந்திருந்தால் எனக்கு எம்புட்டோ சுலபமாக இருந்திருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாயைத் திறப்பதற்குள் வெள்ளையம்மாதான் பேசினார்.

“விடுங்க தம்பி. உள்ளதத்தான சொன்னீங்க.”

திட்டியிருந்தால் இத்தனை வருஷம் எனக்கு இவ்வளவு கனத்திருக்காது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். வியாபாரி கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு இரண்டு பாதியையும் ஒன்றாக்கிப் பருத்தி போட்டிருந்தார். ஏழெட்டுப் பெண்கள் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கு ஓரத்தில் ஒருத்தி குனிந்து களைக்கொத்தால் கொத்திக்கொண்டிருக்கையில் ஒரு கல் வந்தது. அதை எடுத்து வெளியே எறிந்துவிட்டுத்தான் அடுத்த கொத்தைப் போட்டாள். மற்றவர்கள் கல்லை ஒதுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அம்மா சௌக்கியமா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். சொன்னேன். அன்று என்ன கிழமை என்பது எனக்கு நினைவில்லை. கிணற்றடியில் வியாபாரியின் ஆள் மாடு பூட்டிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் கம்பத்துக்கு மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் எடுத்தபோது அந்தக் கூட்டத்தோடு போய்விட்டார் என்று சொன்னார்கள். கடிதம் போட அவருக்கு எழுதத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அவருக்காக எழுதவும் இல்லை. இரண்டு முறை அந்தப் பக்கம் போகிறவர்களிடம் விசாரித்துப் பார்த்தேன். வெள்ளையம்மா என்ற பெயரில் தோட்டத்துக்கு நாலு பேர் இருப்பார்கள், எந்த வெள்ளையம்மா என்று கேட்டார்கள்.

அந்த ஊர் இப்போது ஊராக இல்லை. கிணறு தூர்ந்து அதன் மேல் ஒரு மாடி வீடு நிற்கிறது. தெருக்களுக்கு யார் யாரோ தலைவர்கள் பெயர். பஞ்சவர்ணத்தின் மகன் மில்லில் இருந்து ஓய்வு பெற்று இறந்துவிட்டான். அவன் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் அத்தைப் பாட்டி இருந்ததே தெரியாது. ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம் நான் கோர்ட்டில் தெரிந்த ஒருவரைப் பிடித்து அந்தத் தீர்ப்பின் நகல் கிடைக்குமா என்று கேட்டேன். வெள்ளையம்மாவின் பெயரை யாராவது எழுதிவைத்த காகிதம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். தோற்றவர் என்றாலும் பெயர் இருக்குமே. அவர் இரண்டு நாள் தேடிவிட்டு வந்து, காலம் கடந்த கட்டுகளையெல்லாம் எப்போதோ எரித்துவிட்டார்கள், அந்த வருஷத்துக் கட்டும் அதில் போய்விட்டது என்றார்.