புஷ்பா அக்கா வேண்டிக்கொண்ட பொங்கல்

அக்கா, தங்கச்சிகளே, இந்த நேரத்தில் குரூப்பில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்று நடந்ததைச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது.

ரெண்டு வாரத்துக்கு முன்னால் "புஷ்பா அக்கா போய்ட்டாங்க"ன்னு போன் வந்தபோது பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஐயோ, சீரியல் முடிய இன்னும் ரெண்டு வாரம் இருக்கே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அழுகையே வந்தது.

ஆரம்பாக்கத்துக்கும் எளாவூருக்கும் வாழ்க்கைப்பட்டுப் போனவர்களுக்காகச் சொல்கிறேன். லைட்ஹவுஸ் குப்பத்தில் பாதிப் பெண்கள் அக்கா வீட்டு டிவி முன்னால்தான் இறால் உரிப்போம். சீரியலில் தையல்கடை வாணியும் டீச்சர் ரேவதியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கு எல்லாருடைய கையும் நின்றுவிட்டது. "இன்னாடி இது, பொண்ணும் பொண்ணுமா?" என்றாள் செல்வி. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புடிச்சவங்க சேந்து இருக்கறதுக்கு இன்னாத்துக்குடி பஞ்சாயத்து? இறாலை உரி."

ரேவதிக்கு வலுக்கட்டாயமாக மாப்பிள்ளை பார்த்த வாரம் அக்காவுக்குச் சோறே இறங்கவில்லை. மீன் ஏலத்தில்கூட அதே புலம்பல். "டீச்சருக்குப் படிச்ச பொண்ணு, அதைப் போயி அழ வெச்சுக் கட்டிக்குடுக்கறானுங்களே!" வெளியூர் வியாபாரி பதறிப்போய், "போலீசுக்குச் சொல்லும்மா. யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுப் பொண்ணுதான்" என்றார். டிவி விஷயம் என்று தெரிந்ததும் அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டார். கரையே சிரித்தது.

சிரிக்காதவள் ஒருத்திதான். பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த கனி. என் வீட்டுக்காரரின் தங்கை, காலேஜில் முதல் வருஷம்.

அன்று சாயங்காலமே அக்கா வேண்டிக்கொண்டார்: ரெண்டு பேரும் சேர்ந்துவிட்டால் கங்கையம்மனுக்குப் பொங்கல்.

"அம்மனுக்குக் கேபிள் கனெக்சன் இருக்காக்கா?" என்றாள் செல்வி.

"நீ பாக்கறது எல்லாமே அவளுக்குத் தெரியும்டி, ஜாக்கிரதை!"

இன்றுதான் கடைசி எபிசோடு. வாணியும் ரேவதியும் ஒரே வீட்டுக்குக் குடிபோனார்கள், வாசலில் சேர்ந்து தையல்கடை போர்டு மாட்டினார்கள்! நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருவே எட்டிப் பார்த்தது. செல்வி விசிலே அடித்தாள். அப்புறம்தான் அக்கா உட்காரும் பலகை காலியாகக் கிடந்தது கண்ணில் பட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் கனி சொன்னாள்: "அண்ணி, அக்காவோட பொங்கலை நான் வெக்கறேன்."

"ஏன் நீன்னு கேப்பாங்களே, கனி."

"கேட்டா சொல்றேன். நானும் ரேவதி மாதிரிதான்னு. என்னை மாதிரி யாருமே இல்லைன்னு நெனச்சிட்டு இருந்தேன் அண்ணி. டிவியில ஒருத்தி இருந்தா. அவளை அக்கா நம்ம வீட்டுப் பொண்ணுன்னு சொன்னாங்க. அன்னிக்குத்தான் நைட்டு அழாம தூங்கினேன்."

எனக்குச் சந்தோஷமா பயமா, தெரியவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் அண்ணனிடமும் சொன்னாள். அவர் கையிலிருந்த வலையை மடித்து வைத்தார். பிறகு, "வெறகு நான் கொண்டாந்து வெக்கறேன்" என்றார்.

அதுவே பெரிசு. ஆனாலும் ஊர் வாய் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கோயிலில் அவள் தனியாக அடுப்பு மூட்டி, நாலு பேர் வாயைப் பொத்திச் சிரித்தால்? இதை உங்களுக்கு எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "அக்காவைத் தெரிஞ்சவங்கதானே, எழுதுங்க" என்றாள்.

அக்காவின் பாத்திரம், புடவை எல்லாம் யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஏலக்கரையில் அத்தனை பேர் நடுவில் அக்கா சொன்ன அந்த ஒரு பதில் எனக்குப் போதும். வெள்ளிக்கிழமை யாராவது "யார் வீட்டுப் பொண்ணு இது?" என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்லப்போகிறேன். என் ஒருத்தி குரல் பத்தாது. பக்கத்தில் நின்று நீங்களும் சொல்ல வேண்டும்.

காலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்டுகிறோம். யார் யார் வருகிறீர்கள்? சீக்கிரம் பதில் போடுங்கள்.